வேலையை விட்டாயிற்று, புத்தகம் எங்கே? பாதியில் நின்ற முதல் புத்தகத்துக்குத் திரும்ப ஒரு முழுமையான வழிகாட்டி

வேலையை விட்ட பிறகு வரும் முதல் திங்கட்கிழமை விசித்திரமானது. அலாரம் இல்லை, மீட்டிங் இல்லை, யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. "நேரமே இல்லை" என்று வருடக்கணக்கில் தள்ளிப்போட்ட புத்தகத்துக்கு இனி நாள் முழுக்க இருக்கிறது. கணினியைத் திறக்கிறீர்கள். 'நாவல்_புதுசு_கடைசி_2' என்ற கோப்பு எங்கோ இருக்கிறது. அதைத் திறக்க மட்டும் கை போவதில்லை. மேசையைத் துடைக்கிறீர்கள், அலமாரியை அடுக்குகிறீர்கள், மாலை ஆகிவிடுகிறது.

எனக்கு இப்படிப் பதினொரு நாள் போயிற்று. அலுவலகம் என் நேரத்தைத் தின்றது உண்மைதான். ஆனால் எப்போது எழ வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும், எது நல்ல நாள், எது வீணான நாள் என்று எனக்காகத் தீர்மானித்ததும் அதுதான். அந்தக் கரை போனதும் கிடைத்த நேரமெல்லாம் நாலா பக்கமும் ஓடிவிட்டது. புத்தகத்தை முடிக்க எனக்கு வேண்டியிருந்தது ஒரு நாளில் இரண்டரை மணி நேரம். அந்த இரண்டரை மணி நேரத்துக்குக் கரை கட்டும் வேலையைத்தான் கீழே படிப்படியாகச் சொல்கிறேன்.

1. முதல் இரண்டு வாரம்: எழுதாதீர்கள்

ஓய்வு எடுங்கள், ஆனால் அதற்கு ஒரு முடிவுத் தேதி வையுங்கள். நாட்காட்டியில் வட்டம் போட்டுக்கொள்ளுங்கள். தேதி இல்லாத ஓய்வு மூன்றாவது வாரத்தில் குற்றவுணர்ச்சியாக மாறும், அது எழுதுவதற்கு நல்ல துணை இல்லை.

இந்த நாட்களில் முடிக்க வேண்டிய சில்லறை வேலைகள் உண்டு. உங்கள் குறிப்புகளில் எதுவும் அலுவலக மின்னஞ்சலிலோ அலுவலக மடிக்கணினியிலோ சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். மதிய இடைவேளையில் எழுதி நமக்கே அனுப்பிக்கொண்ட துண்டுகள் அங்கேதான் இருக்கும், கணக்கை மூடிய பிறகு கிடைக்காது. இன்னும் வேலையை விடாதவர் என்றால் இதை முன்கூட்டியே செய்துவிடுங்கள். அப்புறம், வேலையில் சேர்ந்தபோது கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை ஒருமுறை எடுத்துப் படியுங்கள். பணி நேரத்தில் உருவானவை யாருக்குச் சொந்தம், எதையெல்லாம் வெளியே சொல்லக்கூடாது என்ற இரண்டு பிரிவுகளையும் கவனியுங்கள். புத்தகம் உங்கள் தொழிலைப் பற்றியது என்றால் இது இன்னும் முக்கியம்.

2. காசுக் கணக்கை முதலிலேயே போடுங்கள்

இதைத் தள்ளிப்போட்டால் ஒவ்வொரு பத்திக்கும் நடுவில் அதுவே வந்து உட்காரும். மாதச் செலவை மனக்கணக்காகப் போடாதீர்கள், கட்டாயம் குறைவாகத்தான் வரும். கடந்த ஆறு மாத வங்கி அறிக்கையை எடுத்துச் சராசரி பாருங்கள். காப்பீடு, பள்ளிக் கட்டணம் போல வருடத்துக்கு ஒருமுறை வருபவற்றைப் பன்னிரண்டால் வகுத்துச் சேருங்கள். சேமிப்பிலிருந்து அவசரத்துக்கென்று தொடக்கூடாத ஒரு தொகையைக் கழித்துவிட்டு, மிச்சத்தை இந்த மாதச் செலவால் வகுத்தால் உங்களிடம் எத்தனை மாதம் இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

14 மாதம் என்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் கடைசி நாலு மாதம் புத்தகத்துக்கு உரியது அல்ல, அடுத்த வேலையைத் தேடுவதற்கு. ஆக, பத்தாவது மாத முடிவில் ஒரு தீர்மான நாள் குறியுங்கள். அன்று புத்தகம் எங்கே நிற்கிறது என்று பார்த்து, முழுநேர வேலையா, பகுதிநேரமா, இப்படியே தொடர்வதா என்று முடிவெடுப்பீர்கள். அதுவரை அந்தக் கேள்வியைத் தொடுவதில்லை என்பதுதான் இதில் கிடைக்கும் பெரிய லாபம்.

வருமானப் பக்கத்தில் முதல் புத்தகத்தைச் சேர்க்காதீர்கள். ராயல்டி என்பது புத்தகம் விற்ற பிறகு, கணக்கு முடித்த பிறகு, மாதங்கள் கழித்து வருவது.

கால அளவைப் பற்றி நம்பிக்கையும் எச்சரிக்கையும் சேர்ந்தே தரும் ஒரு உண்மைக் கதை உண்டு. 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' நாவலை எழுதிய அமெரிக்க எழுத்தாளர் ஹார்ப்பர் லீ, அதற்கு முன் நியூயார்க்கில் விமான நிறுவனம் ஒன்றில் டிக்கெட் பதிவு செய்யும் வேலையில் இருந்தார். 1956 கிறிஸ்துமஸுக்கு நண்பர்களான ஒரு தம்பதி, ஒரு வருடம் வேலைக்குப் போகாமல் எழுத வேண்டிய பணத்தை அவருக்குப் பரிசாகக் கொடுத்தார்கள். 1957-லேயே பதிப்பகத்தின் கைக்குப் பிரதி போய்விட்டது. ஆனால் அந்த நாவல் வெளிவந்தது 1960 ஜூலையில். நடுவில் இருந்த இரண்டு வருடத்துக்கு மேலான காலம் முழுக்க, பதிப்பாசிரியரோடு உட்கார்ந்து திருப்பித் திருப்பி எழுதிய காலம். நம்மில் பலர் முதல் வரைவுக்கு மட்டும் மாதங்களை எண்ணிவிட்டுத் திருத்தத்துக்கு ஒன்றும் மிச்சம் வைப்பதில்லை.

3. பழைய பிரதியைச் சந்தியுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். திரும்பி வருபவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். கோப்பைத் திறந்து, முதல் பக்கத்தைப் படித்து, ஒரு வாக்கியத்தைத் திருத்தி, இன்னொன்றைத் திருத்தி, ஒரு வாரம் முழுக்க முதல் அத்தியாயத்தையே மெருகேற்றிக்கொண்டிருப்பார்கள். நானும் செய்தேன். என் முதல் அத்தியாயம் ஏழு முறை பளபளப்பாக்கப்பட்டது. கடைசிப் பிரதியில் அந்த அத்தியாயமே இல்லை.

முதலில் எல்லாவற்றையும் ஓரிடத்தில் சேருங்கள். நோட்டுப் புத்தகங்கள், செல்பேசிக் குறிப்புகள், வாட்ஸ்அப்பில் நமக்கே அனுப்பிக்கொண்டவை, குரல் பதிவுகள், பழைய மின்னஞ்சல்கள் எல்லாம். இதில் தமிழில் எழுதுபவர்களுக்கே உரிய ஒரு தலைவலி உண்டு. பல வருடங்களுக்கு முன் தட்டச்சு செய்தது பாமினி போன்ற பழைய எழுத்துருவிலோ தஸ்கி குறியேற்றத்திலோ இருந்தால், திறக்கும்போது கொத்துக் கொத்தாக ஆங்கில எழுத்தும் கிறுக்கலும் தெரியும். கோப்பு கெட்டுவிட்டது என்று அழித்துவிடாதீர்கள். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் எழுத்துரு மாற்றிகளில் ஒட்டி யூனிகோடுக்கு மாற்றலாம். மாற்றிய பிறகு கொம்பும் காலும் இடம் மாறியிருக்கின்றனவா, 'ஸ்ரீ', 'க்ஷ' போன்ற கூட்டெழுத்துகள் உடைந்திருக்கின்றனவா என்று கண்ணால் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். பழைய கோப்பை அப்படியே ஒரு மூலையில் வைத்திருங்கள்.

பிறகு அச்செடுங்கள். காகிதத்தில் படிக்கும்போது திருத்த முடியாது என்பதே அதன் பெருமை. கையில் பேனா இல்லாமல், ஒரே நாளில் அல்லது இரண்டு நாளில், வாசகராக உட்கார்ந்து முழுவதும் படியுங்கள். கூச்சமாக இருக்கும். சில இடங்களில் "இதை நானா எழுதினேன்" என்று வியப்பும் வரும், நல்ல விதத்திலும் மோசமான விதத்திலும். படித்து முடித்ததும் பிரதியை மூடிவிட்டு, நினைவில் நிற்பவற்றை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். எந்தக் காட்சி, எந்த மனிதர், எந்த வாதம் பார்க்காமலே ஞாபகம் வருகிறது? அந்தத் தாளைப் பத்திரப்படுத்துங்கள். அதுதான் உங்கள் புத்தகத்தில் உயிரோடு இருக்கும் பகுதி.

இரண்டாவது வாசிப்புக்குப் பேனா எடுக்கலாம். ஓரத்தில் மூன்றே குறிகள்: உயிர் இருக்கும் இடத்துக்கு ஒரு கோடு, அலுப்புத் தட்டும் இடத்துக்கு ஒரு சுழி, புரியாத இடத்துக்கு ஒரு கேள்விக்குறி. வாக்கியத்தைத் திருத்த வேண்டாம். படித்துக்கொண்டே ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் ஒரு வரி எழுதுங்கள்: இதில் என்ன நடக்கிறது, இதற்கு முன்னால் இல்லாத எது இப்போது வந்திருக்கிறது. இரண்டாவது கேள்விக்குப் பதில் இல்லாத அத்தியாயங்களின் மேல் சந்தேகப்படுங்கள்.

இனி முடிவு. கோடுகள் அதிகமாக இருந்து, மேலே என்ன எழுத வேண்டும் என்பதும் தெரிந்தால், விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். கதை பிடித்திருக்கிறது ஆனால் அதைச் சொல்லும் குரல் அந்நியமாக இருக்கிறது என்றால், பழையதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு புதிய கோப்பில் முதலிலிருந்து எழுதுங்கள். ஒட்டுப்போடும் வேலை வேண்டாம். அதை ஆரம்பித்தபோது இருந்த ஆள் நீங்கள் இல்லை. நடுவில் வேலை, மனிதர்கள், வயது எல்லாம் உங்களை மாற்றியிருக்கும். பழைய குரலைப் போலி செய்து தொடர்ந்தால் சேர்ந்த இடம் பாலத்தின் இணைப்பு மாதிரி தெரியும். மூன்றாவது வகை, படித்து முடித்த பிறகு ஒரு காட்சியோ ஒரு யோசனையோ மட்டும் மனதில் நிற்பது. அப்போது அதை மட்டும் எடுத்துக்கொண்டு புதிய புத்தகம் தொடங்குங்கள். பழைய 20,000 சொற்கள் வீண் என்று தோன்றும். அந்த ஒரு காட்சியைக் கண்டுபிடிக்க அவ்வளவு தூரம் நடக்க வேண்டியிருந்தது என்று எடுத்துக்கொண்டேன், நான் இந்த மூன்றாவது வகை.

4. ஒரு பக்கத் திட்டம்

புனைவு என்றால்: யாருக்கு என்ன வேண்டும், எது தடுக்கிறது, கடைசியில் என்ன ஆகிறது. கட்டுரை நூல் என்றால்: யார் படிக்கப் போகிறார், அவர் மனதில் இருக்கும் கேள்வி என்ன, ஒவ்வொரு அத்தியாயமும் அதற்கு என்ன பதில் சொல்கிறது. ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். திட்டம் நீண்டுகொண்டே போனால், எழுதுவதைத் தவிர்க்கிறீர்கள் என்று அர்த்தம்.

5. நாளுக்குக் கரை கட்டுவது

கிடைக்கும் நேரத்தையெல்லாம் நிரப்பும் வரை வேலை நீண்டுகொண்டே போகும் என்று பிரிட்டிஷ் வரலாற்றாசிரியர் பார்க்கின்சன் 1955-ல் எழுதினார். அவர் கிண்டல் செய்தது அரசு அலுவலகங்களை. ஆனால் வேலையை விட்ட எழுத்தாளர்மேல் அது கச்சிதமாகப் பொருந்துகிறது. நாள் முழுவதும் கையில் இருந்தால் ஒரு பத்தி எழுத நாள் முழுவதும் ஆகும்.

இதற்கு நேர் எதிரான ஆள் ஆங்கில நாவலாசிரியர் ஆந்தனி டிரோலப். 19-ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் அஞ்சல் துறையில் 33 வருடம் வேலை பார்த்தவர். காலை 5.30-க்கு மேசையில் உட்கார்ந்து, கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு, கால் மணி நேரத்துக்கு 250 சொற்கள் என்று மூன்று மணி நேரம் எழுதுவார். அதில் முதல் அரை மணி நேரம் முந்தைய நாள் எழுதியதைப் படிப்பதற்கு. 1867-ல் வேலையை விடும்போது அவர் ஏற்கெனவே பல நாவல்களை வெளியிட்டிருந்தார். அந்த வேகம் நமக்கு வராது, வரவும் வேண்டாம். எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த அரை மணி நேரத்தையும், எழுதும் நேரத்துக்கு ஒரு முடிவு இருந்ததையும்.

என் ஏற்பாடு இது: தினமும் ஒரே நேரத்தில் இரண்டரை மணி நேரம். முதல் 20 நிமிடம் நேற்று எழுதியதைப் படிப்பது. பிறகு எழுதுவது. நேரம் முடிந்ததும் எழுந்துவிடுவது, நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும். அடுத்து என்ன வரும் என்று தெரியும் இடத்தில் நிறுத்தினால் மறுநாள் உட்காருவது சுலபம் என்பது எழுத்தாளர்கள் பலர் சொன்ன பழைய தந்திரம். சில சமயம் வாக்கியத்தின் நடுவிலேயே நிறுத்துவேன். செல்பேசி அடுத்த அறையில் இருக்கும். மௌனத்தில் போட்டு மேசையிலேயே வைப்பது எனக்கு உதவவில்லை.

சொல் கணக்குக்கு வருவோம். 50,000 சொல் புத்தகம் என்று வையுங்கள். அச்சில் ஒரு பக்கத்துக்கு 200 சொற்கள் பிடித்தால் 250 பக்கம். பழைய பிரதியிலிருந்து 10,000 தேறியது. மிச்சம் 40,000. தினமும் 400, வாரத்துக்கு ஐந்து நாள் என்றால் வாரம் 2,000. ஆக 20 வாரம். காய்ச்சல், விருந்தாளி, மனம் ஓடாத நாட்கள் என்று ஐந்து வாரம் கூட்டினால் 25. ஏறக்குறைய ஆறு மாதம். 400 என்பது சின்ன எண்ணாகத் தெரிகிறதே என்று முதல் வாரத்தில் 1,500 எழுதாதீர்கள். மூன்றாவது வாரத்தில் பூஜ்யம் எழுதுவீர்கள்.

மீதி நாளை என்ன செய்வது? வாசிப்பு, நடை, வீட்டு வேலை, தரவு தேடல், மனிதர்களைப் பார்ப்பது. தரவு தேடலை எழுதும் நேரத்துக்குள் விடாதீர்கள். "அந்தக் காலத்தில் ரயில் எத்தனை மணிக்குப் புறப்பட்டது" என்று தேடப் போனவர் மாலை வரை திரும்புவதில்லை. எழுதும்போது தெரியாத இடத்தில் ஒரு நட்சத்திரக் குறி போட்டுவிட்டு நகருங்கள், மாலையில் தேடலாம்.

6. "சும்மாதானே இருக்கே?"

வீட்டில் இருப்பவர் வேலையில்லாமல் இருப்பவர் என்றுதான் பிறர் கண்ணுக்குத் தெரியும். கேஸ் சிலிண்டர் வந்தால், குழாய் ஒழுகினால், யாரையாவது மருத்துவரிடம் அழைத்துப்போக வேண்டுமென்றால், முதலில் உங்கள் பெயர்தான் வரும். இதில் கோபப்பட்டுப் பயனில்லை. பாதி நியாயமும் அவர்கள் பக்கம்தான், ஏனென்றால் உங்கள் சம்பளம் இல்லாமல் ஓடும் வீட்டின் பாரத்தை அவர்களும் சுமக்கிறார்கள்.

"நான் எழுதப் போகிறேன், தொந்தரவு செய்யாதீர்கள்" என்று சொன்னால் அது எப்போது தொடங்கி எப்போது முடியும் என்று யாருக்கும் தெரியாது. "ஆறு மணியிலிருந்து எட்டரை வரைக்கும் நான் ஆபீஸில் இருக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள், எட்டரைக்கு மேல் என்ன வேலை இருந்தாலும் சொல்லுங்கள்" என்பது எல்லோருக்கும் புரியும். சொன்னபடி எட்டரைக்கு எழுந்து வந்து உண்மையாகவே வேலை செய்யவும் வேண்டும். இரண்டு வாரம் இப்படி நடந்தால், ஆறு மணிக்கு வரும் போனை அவர்களே எடுத்து "அப்புறம் பேசச் சொல்கிறேன்" என்று வைத்துவிடுவார்கள். காசுக் கணக்கையும் தீர்மான நாளையும் வாழ்க்கைத்துணையிடம் முதல் வாரத்திலேயே காட்டிவிடுங்கள். உறவினர்களிடம் விளக்கம் சொல்லத் தேவையில்லை. "ஒரு வேலை எடுத்துச் செய்துகொண்டிருக்கிறேன்" என்பது பொய்யும் இல்லை.

7. முதல் வரைவை முடிப்பது

பின்னால் போகாதீர்கள். எட்டாவது அத்தியாயத்தில் கதாநாயகிக்கு ஒரு தங்கை இருக்க வேண்டும் என்று தோன்றினால், 'முதல் அத்தியாயத்திலேயே தங்கை வர வேண்டும்' என்று தனிக் குறிப்புக் கோப்பில் எழுதிவிட்டு, தங்கை எப்போதும் இருந்ததாகவே நினைத்துக்கொண்டு மேலே எழுதுங்கள்.

கோப்புப் பெயரில் தேதி போடுங்கள். 'கடைசி', 'உண்மையான கடைசி' என்று பெயர் வைத்தவர்களின் கதி எனக்குத் தெரியும். மூன்று பிரதிகள், இரண்டு வெவ்வேறு இடங்களில், அதில் ஒன்று வீட்டுக்கு வெளியே. கணினியில் ஒன்று, பென்டிரைவில் ஒன்று, கூகுள் டிரைவ் போன்ற ஒன்றில் ஒன்று. ஒரு நாள் மாலை என் மடிக்கணினி உயிரை விட்டபோது நான் இழந்தது அன்று காலை எழுதிய 400 சொற்களை மட்டும்தான்.

மூன்றில் ஒரு பங்கு தாண்டியதும் ஒரு சகதி வரும். ஆரம்பத்தின் உற்சாகம் தீர்ந்திருக்கும், முடிவு கண்ணுக்குத் தெரியாது. வேலைவாய்ப்புத் தளங்களைப் பார்க்கத் தோன்றுவது சரியாக இந்த நேரத்தில்தான். பழைய சகாக்களின் பதவி உயர்வுச் செய்திகளும் இப்போதுதான் கண்ணில் படும். இந்த வாரங்களில் தினக் கணக்கை 150 சொல்லாகக் குறைத்துவிடுங்கள், ஆனால் உட்காரும் நேரத்தைக் குறைக்காதீர்கள். வரிசையாக எழுத வராவிட்டால், முன்பு எழுதிய அந்தத் தாளில் இருக்கும் காட்சிகளில் ஒன்றுக்குத் தாவி எழுதுங்கள். கையில் காசு தேய்வதுதான் பயம் என்றால் பகுதிநேர வேலை எடுங்கள். டிரோலப்பின் மூன்று மணி நேரம் அலுவலகத்துக்குப் போகும் முன் எழுதியதுதானே.

8. திருத்தம்

முடித்ததும் பிரதியை மூன்று நாலு வாரம் தொடாதீர்கள். பிறகு மறுபடியும் அச்செடுத்து, மூன்றாம் படியில் செய்த அதே வாசிப்பு.

திருத்தத்தைப் பெரியதிலிருந்து சிறியதுக்குச் செய்யுங்கள். முதல் சுற்றில் அத்தியாயங்களின் வரிசை, எது வேண்டாம், எது விட்டுப்போயிற்று. இரண்டாவதில் காட்சிகளும் பத்திகளும். மூன்றாவதில்தான் வாக்கியம். நீக்கப்போகும் அத்தியாயத்தில் ஒற்றுப்பிழை திருத்துவது நேரத்துக்குக் கேடு. மூன்றாவது சுற்றில் முழுவதையும் வாய்விட்டுப் படியுங்கள். மூச்சு வாங்கும் இடத்தில் வாக்கியத்தை உடைக்க வேண்டும். உரையாடலில் எல்லோரும் ஒரே மாதிரி பேசுகிறார்களா என்பது காதில்தான் தெரியும். வல்லினம் மிகும் இடம், ர-ற, ல-ழ-ள, ண-ந-ன குழப்பங்களுக்கென்று தனியாக ஒரு கடைசிச் சுற்று வையுங்கள். முடிந்தால் அதைக் காசு கொடுத்து ஒரு மெய்ப்புத் திருத்துநரிடம் விடுங்கள். சொந்தப் பிழை சொந்தக் கண்ணுக்குத் தெரியாது.

முதல் வாசகர்கள் மூன்று பேர் போதும். உங்களைப் பிடித்தவர்களைவிட, நிறையப் படிப்பவர்களைத் தேர்ந்தெடுங்கள். "எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் "நல்லா இருக்கு" என்றுதான் பதில் வரும். எந்தப் பக்கத்தில் கீழே வைத்தீர்கள், எந்த இடத்தில் குழம்பினீர்கள், யாரை நம்பவில்லை என்று கேளுங்கள். இரண்டு பேர் ஒரே இடத்தைச் சொன்னால் அங்கே கோளாறு இருக்கிறது. அவர்கள் சொல்லும் மருந்து தவறாக இருக்கலாம், வலிக்கும் இடம் தவறாது.

9. வெளியே அனுப்புவது

பதிப்பாளரின் பட்டியலைப் பார்த்து, உங்கள் வகைப் புத்தகங்களை வெளியிடுபவருக்கு அனுப்புங்கள். ஒரு பக்கச் சுருக்கம், இரண்டு மூன்று அத்தியாயங்கள், உங்களைப் பற்றி நாலு வரி. முழுப் பிரதியும் தயாராக இருக்கட்டும், கேட்டால் அன்றே அனுப்ப வேண்டும்.

ஒப்பந்தம் வந்தால் ஒரு இரவு வைத்துப் படியுங்கள். பதிப்புரிமை எழுதியவுடனே உங்களுடையது. 1886-ல் உருவான பெர்ன் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளில் அதற்குப் பதிவு தேவையில்லை. நீங்கள் கொடுப்பது வெளியிடும் உரிமை மட்டும்: எத்தனை வருடத்துக்கு, அச்சுக்கு மட்டுமா, மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு எல்லாவற்றுக்குமா, புத்தகம் அச்சில் இல்லாமல் போனால் உரிமை உங்களிடம் திரும்புமா? "எல்லா உரிமையும் நிரந்தரமாக" என்று ஒரு வரி இருந்தால் அதைப் பற்றிப் பேசாமல் கையெழுத்திடாதீர்கள். உங்களிடமே பணம் கேட்டால் அது அச்சிட்டுத் தரும் சேவை. தவறில்லை, ஆனால் அந்தக் கண்ணோடு விலையை ஒப்பிட்டுப் பாருங்கள். நீங்களே வெளியிடுவதானால் புத்தகத்தை அடையாளம் காட்டும் 13 இலக்க ஐஎஸ்பிஎன் எண் யார் பெயரில் பதிவாகிறது என்று கேளுங்கள், அது உங்கள் பெயரில் இருப்பது நல்லது.

பதில் வர மாதங்கள் ஆகலாம். அனுப்பிய மறுநாள் காலை ஆறு மணிக்கு நான் பழக்க தோஷத்தில் மேசைக்குப் போய் உட்கார்ந்துவிட்டேன். எழுத ஒன்றுமில்லை. குறிப்புக் கோப்பில் முதல் புத்தகத்துக்கு ஒத்துவராமல் ஒதுக்கி வைத்த துண்டுகள் பன்னிரண்டு பக்கம் இருந்தன. எட்டரை வரை அவற்றைப் படித்துக்கொண்டிருந்தேன்.